வன்னொலியும் உள்ளமும்: ஹெவி மெட்டல் இசை கேட்போரிடம் செய்வது என்ன?

இசைக்கு மனத்தை உருக்கும் ஆற்றல் உண்டு, நோயைத் தணிக்கும் ஆற்றல் உண்டு என்று மேடைதோறும் கேட்டு வருகிறோம். அவ்வாறு கேட்கும்போது நம் எண்ணத்தில் எழுவன வீணையும் குழலும் நாகசுரமுமே. அதே இசைக்குச் சினத்தை வளர்க்கும் ஆற்றலும் சிந்தையைக் கெடுக்கும் ஆற்றலும் உண்டு என்று ஒருவர் கூறினால், நம் எண்ணம் உடனே வேறு திசையில் செல்கிறது. கறுப்புச் சட்டை அணிந்து, தலையை வேகமாக அசைத்து, செவியைப் பிளக்கும் மின்கித்தார் ஒலியில் ஈடுபட்டிருக்கும் இளைஞர் கூட்டம் கண்முன் தோன்றுகிறது. அவர்கள் கேட்கும் இசைக்கு ஹெவி மெட்டல் என்று பெயர். சுருக்கமாக மெட்டல் இசை என்பர்.

ஓர் இசையை நன்று என்றும் மற்றோர் இசையைத் தீது என்றும் பிரிக்குமுன், அந்த முடிவுக்குச் சான்று உள்ளதா என்று ஆராய்வது கற்றோர் கடன். ஆசிரியர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. ஒரு மாணவன் கேட்கும் பாட்டை வைத்து அவன் மனத்தை அளந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டால், இரு வகையில் பிழை நேரலாம். நலமாக இருப்பவனைக் குற்றவாளியாக்குவது ஒரு பிழை. துன்பத்தில் இருப்பவனின் பாட்டைப் பறித்துவிட்டு, துன்பத்தைக் காணாமல் விட்டுவிடுவது மற்றொன்று. இவ்விரண்டில் பின்னது பெரிது. அதனாலேயே இப்பொருளை இங்கு எடுத்துக்கொண்டோம்.

ஆலை நகரில் பிறந்த இசை

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் உலோகத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அந்நகரின் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் 'பிளாக் சபாத்' என்னும் குழுவை அமைத்தனர். அக்குழுவின் முதல் இசைத்தட்டு 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் வெளிவந்தது. ஹெவி மெட்டல் இசையின் தொடக்கமாகப் பலரும் குறிப்பது இந்த இசைத்தட்டையே.

குழுவின் கித்தார் கலைஞர் டோனி அயோமி, 17ஆம் வயதில் உலோகத் தகட்டு ஆலையில் வேலை பார்த்தவர். அவ்வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கம் உடையவர் ஆதலால், நரம்புகளை அழுத்திப் பிடிக்க வேண்டிய கை அதுவே. அவர் இசையைக் கைவிடவில்லை. விரல் நுனிகளுக்குப் பிளாஸ்டிக் உறைகளைத் தாமே செய்து பொருத்திக்கொண்டார்; மெல்லிய நரம்புகளைப் பூட்டினார்; பின்னர் நரம்புகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். அவ்வாறு பிறந்த தாழ்ந்த, கனத்த ஒலி அக்குழுவின் அடையாளமாயிற்று. பின்வந்த குழுக்கள் பலவும் அதைப் பின்பற்றின. இவ்விசையின் கனத்தில் காயம்பட்ட ஒரு கையின் வரலாறும் கலந்துள்ளது.

அந்த இசைத்தட்டின் முதற்பாட்டு, மூன்று முழுச்சுர அளவுள்ள இடைவெளி ஒன்றை முதன்மையாகக் கொண்டது. ஐரோப்பிய இசை நூலோர் சிலர் 18ஆம் நூற்றாண்டில் இவ்விடைவெளியை 'இசையில் உறையும் சாத்தான்' என்று அழைத்தனர். இன்றும் திகில் படங்களில் அச்சமூட்ட இது பயன்படுகிறது. கருநாடக இசையை அறிந்தோர் இங்கு ஒன்றைக் கவனிக்கலாம். சட்சத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இடைவெளி இதுவே. 72 மேளகர்த்தாக்களுள் 36 பிரதி மத்திமம் உடையவை. மங்கலமும் கம்பீரமும் நிறைந்ததாக நாம் போற்றும் கல்யாணி அவற்றுள் ஒன்று. ஒரு மரபில் அச்சம் தருவதாகக் கொள்ளப்பட்ட இடைவெளி, வேறொரு மரபில் வேறு சுரங்களின் துணையோடு வரும்போது மங்கலமாக ஒலிக்கிறது. ஆகவே, உணர்ச்சி என்பது ஒலியில் மட்டும் தங்கியிருப்பதன்று. கேட்பவரின் பழக்கத்திலும் சூழலிலும் தங்கியிருப்பது. இக்கருத்தை நினைவில் கொண்டு மேலே செல்வோம்.

செவி கேட்பதும் மூளை உணர்வதும்

மெட்டல் இசையின் ஒலி ஏன் பலரைத் திடுக்கிடச் செய்கிறது? மின்கித்தாரின் ஒலியைப் பெருக்கும் கருவியை அதன் எல்லைக்கு மேல் இயக்கும்போது, ஒலியலையின் உச்சிகள் வெட்டுண்டு போகின்றன. அதனால் மூல ஒலியில் இல்லாத புதிய மேற்சுரங்கள் தோன்றி, ஒலி கரகரப்பும் அடர்த்தியும் பெறுகிறது. இதனுடன் இரு கால்களாலும் விரைந்து அடிக்கப்படும் பெருமுரசும், தொண்டையிலிருந்து உறுமலாக எழும் குரலும் சேர்கின்றன.

மனிதரின் அலறலை ஆராய்ந்த அறிவியலார் 2015ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். அலறலின் ஒலியளவு நொடிக்கு ஏறத்தாழ 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்குகிறது. இயல்பான பேச்சில் இந்த ஏற்றவிறக்கம் நொடிக்குச் சில முறைகளே. விரைந்த இந்த அதிர்வு செவிக்குக் கரகரப்பாகக் கேட்கிறது. ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்னும் மூளைப் பகுதியையும் தூண்டுகிறது. உறுமும் குரலும் சிதைந்த கித்தார் ஒலியும் இத்தகைய கரகரப்பை உடையவை. எனவே, முதன்முறை கேட்பவரின் உடல் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

அப்படியாயின், விரும்பிக் கேட்போர் ஏன் அஞ்சுவதில்லை? நம் உணவிலிருந்தே ஓர் ஒப்புமை கூறலாம். மிளகாய் நாவில் பட்டதும் உடல் 'எரிகிறது' என்று முறையிடுகிறது. கண்ணில் நீர் வருகிறது, நெற்றி வியர்க்கிறது. ஆயினும் சம்பல் இல்லாமல் நாசி லெமாக் இறங்குவதில்லை என்போர் நம்மிடையே பலர். எரிச்சல் உண்மை, ஆபத்து இல்லை என்ற அறிவும் உண்மை. இரண்டும் ஒருங்கே நிகழும்போது எரிச்சலே சுவையாகிறது. மெட்டல் இசையை விரும்புவோர் நிலையும் இத்தகையதே. ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பில் தாம்சன் குழுவினர் நடத்திய ஆய்வில், வன்முறைப் பொருளுடைய மெட்டல் பாடல்களைக் கேட்ட விருப்பமற்றோர் பதற்றம், அச்சம், சினம் ஆகியவற்றை உணர்ந்தனர். அதே பாடல்களைக் கேட்ட விருப்பமுடையோர் ஆற்றல், மகிழ்ச்சி, அமைதி, வியப்பு ஆகியவற்றை உணர்ந்தனர். தொல்காப்பியம் வகுத்த மெய்ப்பாட்டுச் சொற்களால் கூறினால், ஒருவருக்கு அச்சமாக அமைந்தது மற்றொருவருக்குப் பெருமிதமாகவும் உவகையாகவும் அமைந்தது.

குற்றக்கூண்டில் ஓர் இசை

1980களில் அமெரிக்காவில் இவ்விசைக்கு எதிராகப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பிள்ளைகள் கேட்கும் பாடல்களைப் பற்றிக் கவலை கொண்ட அரசியல்வாதிகளின் மனைவியர் சிலர் 1985ஆம் ஆண்டில் ஓர் அமைப்பை உருவாக்கினர். அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் அமெரிக்க மேலவைக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. 'டுவிஸ்டட் சிஸ்டர்' குழுவின் பாடகர் டீ ஸ்னைடர் அங்குச் சாட்சியம் அளித்தார். தம் பாடல் ஒன்று பிறரைத் துன்புறுத்தி இன்பம் காண்பதைப் பற்றியது என்ற குற்றச்சாட்டை அவர் மறுத்து, அது அறுவை மருத்துவத்துக்குச் செல்பவரின் அச்சத்தைப் பற்றியது என்று விளக்கினார். கேட்பவர் தாம் எதிர்பார்ப்பதையே பாட்டில் கேட்கிறார் என்பதற்கு இது தக்க சான்று. இந்த எதிர்ப்பின் விளைவாகவே இசைத்தட்டுகளில் பெற்றோருக்கான எச்சரிக்கைக் குறி இடம்பெறலாயிற்று.

இதைவிடத் துயரமான வழக்கு நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் நடந்தது. 1985ஆம் ஆண்டு டிசம்பரில் இரு இளைஞர்கள் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றனர். ஒருவர் அன்றே இறந்தார். மற்றவர் மூன்று ஆண்டுகளுக்குப் பின் இறந்தார். 'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழுவின் 1978ஆம் ஆண்டு இசைத்தட்டில் மறைந்திருந்த ஒரு கட்டளையே அவர்களைத் தூண்டியது என்று குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தனர். 1990ஆம் ஆண்டில் விசாரணை நடந்தது. கட்டளை போலக் கேட்ட ஒலி, பாடகர் மூச்சை வெளிவிடும் ஒலியும் கித்தார் ஒலியும் தற்செயலாக இணைந்ததால் எழுந்தது என்று கண்ட நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அவ்விளைஞர்களின் வாழ்வில் குடும்பத் துன்பங்களும் மது, போதைப் பழக்கமும் இருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. பெற்றோரின் துயரத்தை நாம் எளிதாக எண்ணலாகாது. ஆயினும் நெடுங்காலம் கண்முன் இருந்த துன்பங்களைவிட, செவிக்கு எட்டாத ஓர் ஒலியைக் குற்றஞ்சாட்டுவது மனித மனத்துக்கு எளிதாக இருந்தது என்பதை அவ்வழக்கு நமக்கு உணர்த்துகிறது.

ஆய்வுகள் காட்டும் வழி

இனி ஆய்வுகளைக் காண்போம். அவை ஒரே குரலில் பேசுவன அல்ல. ஆதலால் இரு பக்கத்தையும் கூறுவதே முறை.

அமெரிக்க உளவியலார் கிரெய்க் ஆண்டர்சனும் அவர் குழுவினரும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 500க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர் பங்கேற்றனர். வன்முறைச் சொற்கள் உடைய பாடல்களைக் கேட்டோரிடம் பகையுணர்வும் வன்மையான எண்ணங்களும் அப்போதைக்கு மிகுந்தன என்று அது காட்டியது. இங்கு இரண்டு குறிப்புகள் தேவை. அளக்கப்பட்டது பாட்டின் சொற்பொருள் விளைத்த மாற்றம். மேலும், அது கேட்ட சிறிது நேரத்தில் தோன்றிய எண்ணமும் உணர்ச்சியுமே. நெடுநாள் நடத்தை அன்று.

மறுபக்கம், உளவியலார் ஜெஃப்ரி ஆர்னெட் அமெரிக்க மெட்டல் விரும்பிகள் பலரை நேர்கண்டார். சினம் மிகும்போது இவ்விசையை நாடுவதாகவும், கேட்டபின் உள்ளம் தணிவதாகவும் அவர்கள் கூறினர். இக்கூற்றைச் சோதிப்பது போல அமைந்தது, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் லியா ஷார்மன், ஜெனிவீவ் டிங்கிள் ஆகியோர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு. மெட்டல் போன்ற வன்னிசையை வழக்கமாகக் கேட்கும் 18 முதல் 34 வயதுக்குட்பட்ட 39 பேர் அதில் பங்கேற்றனர். சினமூட்டிய நிகழ்வுகளை 16 நிமிடங்கள் பேசச் செய்து, அவர்களைச் சினங்கொள்ள வைத்தனர். பின்னர் ஒரு பிரிவினர் தாம் விரும்பிய வன்னிசையை 10 நிமிடங்கள் கேட்டனர். மற்றப் பிரிவினர் அமைதியாக அமர்ந்திருந்தனர். அமைதியாக இருந்தோரின் இதயத் துடிப்புக் குறைந்தது. இசை கேட்டோரின் துடிப்பு உயர்ந்தே நின்றது. ஆனால் மேலும் உயரவில்லை. பகையுணர்வும் எரிச்சலும் மனவழுத்தமும் இரு பிரிவினரிடமும் குறைந்தன. இசை கேட்டோரிடம் ஊக்கம் கூடுதலாகப் பிறந்தது. உடலின் எழுச்சியும் உள்ளத்தின் தணிவும் ஒருங்கே நிகழ்ந்தமை இங்குக் கருதத்தக்கது. சினத்தின் வேகத்துக்கு இணையான வேகத்தில் இசை ஓடி, அதைக் கரை சேர்க்கிறது எனலாம்.

வன்முறைப் பாடல்களைப் பல ஆண்டுகள் கேட்போர் பிறர் துன்பத்துக்கு மரத்துப்போவர் என்ற அச்சமும் உண்டு. தாம்சன் குழுவினர் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதைச் சோதித்தது. ஒரு கண்ணுக்கு வன்முறைக் காட்சியும் மறு கண்ணுக்கு இயல்பான காட்சியும் ஒரே நேரத்தில் காட்டப்பட்டன. அந்நிலையில் மூளை ஆபத்தான காட்சிக்கு முதலிடம் தருவது இயல்பு. மரத்துப்போனவராயின் அம்முதலிடம் குறைய வேண்டும். 32 விருப்பமுடையோரும் 48 விருப்பமற்றோரும் பங்கேற்ற அவ்வாய்வில், இரு சாராரும் வன்முறைக் காட்சியை ஒரே தன்மையில் கவனித்தனர். பாட்டில் கேட்டுப் பழகிய குருதி, கண்முன் காணும் குருதியை எளிதாக்கிவிடவில்லை.

காரணமா, அறிகுறியா?

எனினும் மெட்டல் விரும்பும் இளைஞரிடையே மனச்சோர்வும் உயிரை வெறுக்கும் எண்ணமும் சற்று மிகுதி என்று சில ஆய்வுகள் கூறியுள்ளன. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் இரண்டு செய்திகள் ஒருங்கே காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. குடை பிடிப்போர் மிகுந்த நாளில் மழையும் மிகுந்திருக்கும். குடையால் மழை வந்தது என்று யாரும் கூறுவதில்லை.

கனடாவின் மொன்றியால் பகுதியில் 275 உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் நடத்தி 2001ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு இங்குத் துணை செய்கிறது. குடும்ப உறவு, தனிமை, போதைப் பழக்கம் போன்ற பிற காரணங்களையும் கணக்கில் கொண்டபோது, மெட்டல் விருப்பத்துக்கும் உயிரை மாய்க்கும் எண்ணத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பு எஞ்சவில்லை. இசையின்வழித் தம் துயரத்தை வெளியேற்றிய மாணவியரிடம் அவ்வாபத்து குறைவாகவே காணப்பட்டது.

இதிலிருந்து பெறத்தக்கது யாது? தொல்காப்பியர் வெகுளி என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்கள் கூறுகிறார். உறுப்பைச் சிதைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்து வருத்துதல், கொலை என்பன அவை. நான்கும் ஊறுபடுத்தும் செயல்களே. ஊறு இன்றி வெகுளி பிறவாது என்பது இதன் உட்பொருள். ஆகவே, சினம் நிறைந்த பாட்டை நாள்தோறும் நாடும் மாணவனிடம் நாம் தேட வேண்டியது பாட்டின் குற்றத்தையன்று. ஊறு ஏதேனும் உண்டா என்பதையே. பலரிடம் ஊறு ஏதும் இராது. மற்றவர் மெல்லிசையை விரும்புவது போல அவர்கள் வன்னிசையை விரும்புவர், அவ்வளவே. சிலரிடம் ஊறு இருக்கும். அவர்களுக்கு அப்பாட்டு ஒரு மொழி.

நம் வட்டாரத்தில்

இவ்விவாதம் நமக்குத் தொலைவில் நடப்பதன்று. மலேசியாவில் 2006ஆம் ஆண்டில் தேசிய ஃபத்வா மன்றம், மெட்டலின் ஒரு பிரிவாகிய பிளாக் மெட்டல் முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது என்று முடிவு கூறியது. சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம், சுவீடன் நாட்டின் 'வாட்டெய்ன்' குழுவின் நிகழ்ச்சி, சமயத்தைப் புண்படுத்தக்கூடும் என்ற கவலையால், நடைபெறவிருந்த அன்றே விலக்கப்பட்டது. பல இனமும் பல சமயமும் கூடி வாழும் நாடுகளில் மேடையில் ஒலிக்கும் சொல்லைப் பற்றிய கவலை இயல்பானதே. அது பொது ஒழுங்கு பற்றிய வினா. ஒரு மாணவனின் மனநலம் வேறு வினா. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புதல் கூடாது.

அதே சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டில் தோன்றிய 'ருத்ரா' குழு வேறொரு பாதையைக் காட்டியது. மெட்டலின் கடுமையான வடிவங்களுள் ஒன்றான டெத் மெட்டலைச் சமஸ்கிருத மந்திரங்களோடும் வேதாந்தக் கருத்துகளோடும் இந்திய இசைக் கூறுகளோடும் அக்குழு இணைத்தது. அவ்விசையைப் பலர் வேத மெட்டல் என்று அழைக்கின்றனர். உறுமும் குரலும் முழங்கும் முரசும் அழிவைத்தான் பாட வேண்டும் என்ற விதி இல்லை என்பதை இது காட்டுகிறது.

காக்க வேண்டிய செவி

இவ்விசையால் ஐயத்துக்கு இடமின்றி நேரக்கூடிய தீங்கு ஒன்று உண்டு. அது செவிக்கு நேர்வது. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்பதே பாதுகாப்பின் எல்லை என்று தொழில்நல வல்லுநர் வகுத்துள்ளனர். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபல் அளவில் எஞ்சுவது 15 நிமிடங்களே. உட்செவியின் மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இத்தீங்கு மெட்டலுக்கு மட்டும் உரியதன்று. இயர்போனில் உரக்கக் கேட்கும் எப்பாட்டுக்கும், ஒலிபெருக்கி முழங்கும் நம் விழாக்களுக்கும் பொருந்தும். பாட்டை விலக்குவதைவிட ஒலியளவைக் குறைக்கவும், நிகழ்ச்சிகளில் செவியடைப்பான் அணியவும் கற்பிப்பது பயன் தரும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

'இது என்ன பாட்டு?' என்று முகம் சுளித்துக் கேட்டால் மாணவன் வாயை மூடிக்கொள்வான். 'இதைக் கேட்டபின் உன் மனம் எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் பேசுவான். அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையே நமக்கு வழிகாட்டும். கேட்டபின் மனம் இலேசாகிறது, நண்பர்களோடு சேர்ந்து கேட்கிறேன், படிக்க ஊக்கம் வருகிறது என்பானாயின், அவனை அவன் போக்கில் விடலாம். கேட்கக் கேட்கத் துயரம் கூடுகிறது, ஆயினும் நிறுத்த முடியவில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்பானாயின், அங்குக் கவனம் தேவை. ஆஸ்திரேலியாவில் கேத்ரினா மெக்ஃபெரன் முதலிய இசைமருத்துவ அறிஞர்கள் வலியுறுத்துவதும் இதுவே. இளையோர் எவ்வகை இசையைக் கேட்கின்றனர் என்பதினும், அதை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதே அவர்கள் நலத்தைக் காட்டும். மெல்லிய சோகப் பாட்டும் ஒருவனைத் துயரத்திலேயே சுழலச் செய்யக்கூடும் என்பதை மறத்தலாகாது. அத்தகைய நிலையில் பாட்டைப் பற்றிய பேச்சு, பள்ளி ஆலோசகரிடமும் பெற்றோரிடமும் அவனை அழைத்துச் செல்லும் வாயிலாக அமையட்டும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் விரும்பும் இசைக்காக நாணவேண்டுவதில்லை. ஆனால் அது உங்களை எங்குக் கொண்டு சேர்க்கிறது என்பதை நீங்களே கவனியுங்கள். சினத்தைத் தாங்கிக் கரை சேர்க்கும் இசை துணை. கரையே தெரியாதபடி சுழலில் நிறுத்தும் இசையாயின், அதை அணைத்துவிட்டு நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுங்கள். பாட்டு உங்கள் துன்பத்துக்குக் குரல் தரலாம். உங்களுக்கு மறுமொழி சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.